பனி படியும் மேகத்தில் சிறு விமானம்: கருவிகள் தருவது கொஞ்சம் நேரம்தான்

"நீர் எத்தனை பாகையில் உறையும்?" என்று வகுப்பில் கேட்டால், "பூஜ்யம், டீச்சர்!" என்று பின்வரிசையிலிருந்தும் பதில் வரும். தேர்வில் அதற்கு முழுப் புள்ளி உண்டு. மேகத்துக்குள் பறக்கும் விமானிக்கு மட்டும் அந்தப் பதில் போதாது.

மேகத்தில் மிதக்கும் நுண்துளிகள் −10, −15 பாகை செல்சியஸிலும் நீராகவே இருக்கக்கூடும். நீர் உறையத் தொடங்க ஒரு பிடிமானம் வேண்டும். ஏற்ற தூசித் துகளோ சிறு பனிப்படிகமோ கிடைக்காத வரை அது திரவமாகவே இருக்கும். இதை மிகைக்குளிர் நீர் என்கிறோம். இப்படிப்பட்ட மேகத்துக்குள் ஒரு விமானம் நுழைந்தால், துளிகள் அதன் மீது மோதியதும் உறைந்து ஒட்டிக்கொள்கின்றன.

எடையா, வடிவமா?

பனிக்கட்டியின் எடைதான் விமானத்தைக் கீழே இழுக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எடையும் ஒரு காரணம்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, இறக்கையின் வடிவம் கெட்டுப்போவது. இறக்கையின் முன்விளிம்பிலும் மேற்பரப்பிலும் சொரசொரப்பான உப்புத்தாள் அளவுக்குப் பனி படிந்தாலே, தூக்குவிசை 30 விழுக்காடு வரை குறையலாம். காற்றின் தடை 40 விழுக்காடு வரை கூடலாம் எனச் சோதனைகள் காட்டியுள்ளன. வழக்கமாகப் பாதுகாப்பான வேகத்திலேயே அந்த இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போய்விடும்.

என்னென்ன வேண்டும்?

மேகத்துக்குள் அடிவானம் தெரியாது. விமானி கருவிகளை மட்டுமே நம்பிப் பறக்கிறார். ஆகவே, முதலில் காக்கப்பட வேண்டியவை அந்தக் கருவிகளுக்குக் காற்று கொண்டுவரும் வழிகள்.

வேகத்தை அளக்க உதவுவது, காற்றை எதிர்நோக்கி நீட்டியிருக்கும் பிட்டோட் குழாய். அது முழுதும் அடைபட்டால், விமானம் மேலே ஏறும்போது வேகம் கூடுவதாக வேகமானி பொய் சொல்லும். அதை நம்பி விமானி மூக்கை இன்னும் உயர்த்தினால் ஆபத்துதான். இதைத் தடுக்க, குழாய்க்குள் மின்சூடேற்றி வைக்கிறார்கள். உயரமானிக்கான காற்றுத் துளையும் அடைபடலாம் என்பதால், மாற்று வழி ஒன்றும் தேவை.

அடுத்தது இறக்கையும் வாலும். பெரிய ஜெட் விமானங்களில் எஞ்சினிலிருந்து சூடான காற்றை எடுத்து இறக்கையின் முன்விளிம்புக்கு அனுப்புவார்கள். சிறிய பிஸ்டன் எஞ்சினில் அதற்கு வழியில்லை. எனவே இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர் உறை. அதில் காற்றை நிரப்பினால் அது உப்பி, மேலே படிந்த பனியை உடைத்து உதறும். மற்றொன்று, நுண்துளைகள் கொண்ட உலோகத் தகடு. அதன் வழியே கிளைக்கால் திரவம் வியர்வைபோல் கசிந்து, பனி ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். ஆனால் தொட்டியில் திரவம் தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது.

புரொப்பெல்லருக்கும் சூடேற்றியோ திரவமோ வேண்டும். தரையிறங்கும்போது ஓடுபாதை தெரிய, முன்கண்ணாடியின் பனியை நீக்க ஏற்பாடு வேண்டும். இரவில் இறக்கையில் பனி படிகிறதா என்று பார்க்க ஒரு விளக்கும் தேவை.

ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு விமானங்களில் ஒரே மாதிரித் திரவ அமைப்பு இருக்கலாம். ஒன்று பனி படியும் சூழலில் பறக்கச் சோதிக்கப்பட்டுச் சான்று பெற்றிருக்கும். மற்றதில் அந்த அமைப்பு, தற்செயலாக மாட்டிக்கொண்டால் தப்பி வெளியேற மட்டுமே. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சான்று பெற்றும் நேர்ந்த விபத்து

1994 அக்டோபர் 31ஆம் நாள், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஒரு ஏடிஆர் 72 விமானம் சிக்காகோவில் தரையிறங்கும் முறைக்காக வானில் வட்டமிட்டுக் காத்திருந்தது. சிறு விமானத்தைவிட மிகப் பெரியது. ரப்பர் உறையும் சான்றும் உள்ளது. ஆனால் அன்றைய துளிகள் வழக்கத்தைவிடப் பெரியவை. அவை மோதிய இடத்திலேயே முழுதும் உறையாமல் பின்னோக்கி வழிந்து, ரப்பர் உறைக்கு அப்பால் மேடாக உறைந்தன. தானியங்கி விமானி இயக்கத்தில் இருந்தது. திடீரென விமானம் பக்கவாட்டில் புரண்டு, ரோஸ்லான் எனும் ஊருக்கு அருகே விழுந்தது. அதிலிருந்த 68 பேரும் மாண்டனர்.

பனி படியத் தொடங்கியதும் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும், அல்லது வெப்பமான உயரத்துக்கு இறங்க வேண்டும். அதற்கான நேரத்தைத் தருவதுதான் கருவிகளின் வேலை. பனிக்குள்ளேயே தங்கியிருக்க அவை தரும் அனுமதி என்று எண்ணிவிடக் கூடாது.

நம் வெப்ப நாட்டில்?

மலேசியா, சிங்கப்பூர் வானில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடுவது ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில்தான். சிறு பயிற்சி விமானங்கள் அதற்குக் கீழேயே பறப்பதால், இறக்கையில் பனி படிவது அரிது.

ஆனால் கார்புரேட்டர் உள்ள எஞ்சினுக்கு இங்கேயும் பனித்தொல்லை உண்டு! பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. கைகளில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதல்லவா? அதே அறிவியல்தான். குறுகிய வழியில் காற்றழுத்தமும் குறைவதால், உள்ளே வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் இறங்கலாம். நம் ஈரக்காற்றில் உள்ள நீராவி அங்கே பனியாகி, எஞ்சினுக்கான காற்றை அடைக்கும். வெளியே வெப்பநிலை 30 பாகை இருந்தாலும் இது நடக்கும், குறிப்பாக எஞ்சின் விசையைக் குறைத்து இறங்கும்போது.

இதற்கான மருந்து, விமானி அறையில் உள்ள ஒரு சிறு இழுபிடி. அதை இழுத்தால், புகைபோக்கியைச் சுற்றிச் சூடான காற்று கார்புரேட்டருக்குள் போய்ப் பனியை உருக்கும். விமானியாக வேண்டும் என்று கனவு காணும் மாணவர்களே, வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தப் பிடியை மறக்காதீர்கள்.