பக்கத்து அறையில் ஒரு கணினி

இடைமுகம் பழகுவோம் – 12

காகிதத்தில் திரை வரைந்து, வெட்டி, மேசைமேல் பரப்பிச் சோதிப்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. இந்த வாரம் ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் அசைவுகளை அமைப்பது, ஒரு திரை இன்னொரு திரையாக மாற எத்தனை மில்லி விநாடி கொடுக்கலாம் என்பதையெல்லாம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது 1983-இல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தது. இந்த வாரம் முழுக்க அதுதான் மனத்தில் ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். ஜான் கௌல்டும் அவருடைய இரண்டு சக ஆய்வாளர்களும் ஒரு கேள்வியோடு இருக்கிறார்கள். நாம் பேசப் பேசத் தானே தட்டச்சு செய்யும் இயந்திரம் ஒன்று வந்தால், மக்கள் அதை வைத்துக் கடிதம் எழுதுவார்களா? அந்தக் காலக் கணினிகளால் சரளமான பேச்சை நம்பும்படியாக எழுத்தாக்க முடியாது. இயந்திரத்தைச் செய்து முடித்துவிட்டுத்தான் சோதிப்போம் என்றிருந்தால் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

அவர்கள் காத்திருக்கவில்லை. கடிதம் சொல்ல வந்தவரை ஓர் அறையில் மைக்கும் திரையும் கொடுத்து உட்கார வைத்தார்கள். வேறோர் அறையில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்த ஒருவர் இருந்தார். இவர் பேசுவதை அவர் கேட்டு அடிக்க, எழுத்துகள் இவருடைய திரையில் தோன்றின. அவ்வளவுதான் இயந்திரம்.

இதோடு நின்றிருந்தால் கெட்டிக்காரத்தனமான ஓர் ஏற்பாடு என்று தாண்டிப் போயிருப்பேன். என்னைப் பிடித்து நிறுத்தியது அடுத்த படி. தட்டச்சு செய்பவருக்கு எல்லாச் சொற்களும் தெரியும். வரப்போகும் இயந்திரத்துக்குத் தெரியாது. ஆகவே அவர் அடித்த ஒவ்வொரு சொல்லும் முதலில் ஒரு சொற்பட்டியலோடு ஒப்பிடப்பட்டது. சில சோதனைகளில் அந்தப் பட்டியலில் 1,000 சொற்கள், சிலவற்றில் 5,000, இன்னும் சிலவற்றில் வரம்பே இல்லை. பட்டியலில் இல்லாத சொல் வந்தால் திரையில் அந்த இடத்தில் வெறும் எக்ஸ் வரிசை தெரியும். பேசியவர் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். சிலர் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். சிலர் தொடர்ச்சியாகப் பேசலாம். பிறக்காத ஓர் இயந்திரத்தின் குறைகளை இவ்வளவு துல்லியமாக அளந்து, அந்தக் குறைகளோடேயே மக்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள்!

முடிவு என்ன தெரியுமா? இந்த இயந்திரத்தின் சில வகைகள், முதல்முறை பயன்படுத்துபவர்களுக்கே, கையால் எழுதுவதற்கும் வழக்கமான முறையில் சொல்லி எழுத வைப்பதற்கும் குறையாத அளவில் பயன்பட்டன. நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டியிருந்தாலும், சொற்பட்டியல் பெரிதாக இருந்தால் மக்கள் சமாளித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. 1990-இல் டிராகன் டிக்டேட் என்ற மென்பொருள் கடைக்கு வந்தபோது அது கேட்டதும் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் பேச்சைத்தான். தொடர்ச்சியான பேச்சைக் கேட்கும் டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங் 1997-இல் வந்தது. இவற்றையெல்லாம் இன்று திரும்பிப் பார்க்கும்போது 1983-இன் அந்தத் தட்டச்சாளர் மேல் பெரிய மரியாதை வருகிறது.

இந்த முறைக்கு ‘ஓஸ் மந்திரவாதி’ என்று பெயர். 1939-இல் வந்த ஹாலிவுட் படத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று விசைகளை இழுத்துக்கொண்டிருப்பாரே, அந்த மந்திரவாதியை வைத்து வந்த பெயர். 1980-ஐ ஒட்டி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஜே.எஃப். கெல்லி இந்தப் பெயரைச் சூட்டினார். அவர் செய்துகொண்டிருந்தது, சாதாரண ஆங்கிலத்தில் எழுதிக் கேட்டால் பதில் தரும் ஒரு நாட்காட்டி நிரல். முதல் கட்டத்தில் மொழியைப் புரிந்துகொள்ளும் நிரல் எதுவுமே இல்லை. மறைந்திருந்து பதில் தந்தது அவர்தான். மக்கள் என்னென்ன சொற்களில், எப்படியெப்படிக் கேட்கிறார்கள் என்பதைச் சேகரித்து, அதைக் கொண்டே நிரலை எழுதினார். அடுத்த கட்டத்தில் நிரல் தடுமாறிய இடங்களில் மட்டும் கை கொடுத்தார். நிரல் தேறத் தேற அவருக்கு வேலை குறைந்து, கடைசியில் விலகிக்கொண்டார். பயனர்களின் வாயிலிருந்தே ஒரு மென்பொருளின் சொற்களஞ்சியம் வளர்ந்தது. இதை முன்மாதிரி என்பதா, கட்டுமானம் என்பதா? இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. இந்தக் கலையில் தேர்ச்சி பெற்றவர்களிடம் அந்தக் கோடு மங்கலாகத்தான் இருக்கிறது.

எங்கள் மாலை வகுப்பில் இதை உடனே செய்து பார்த்தோம். ஒரு மாணவர் தொலைபேசி வழியாக மின்கட்டணம் செலுத்தும் குரல் சேவை ஒன்றை வடிவமைத்துக்கொண்டிருந்தார். கணினியில் ஒரு வரி எழுத வேண்டாம், கையில் தாளை வைத்துக்கொண்டு பக்கத்து அறையிலிருந்து நீங்களே அந்தச் சேவையாகப் பேசுங்கள் என்றேன். சோதிக்க வந்தவர் இன்னொரு மாணவியின் பாட்டி. “தமிழில் தொடர ஒன்றை அழுத்தவும்” என்று மாணவர் இயந்திரக் குரலில் சொன்னதும் அந்த அம்மாள், “தமிழ்லதானேப்பா பேசுறேன், சொல்லு” என்றார். மாணவர் வாய் திறக்கவில்லை. திறக்கக்கூடாது என்பதுதான் விதி. இயந்திரத்துக்குத் தெரியாத எதுவும் அந்த நேரத்தில் இவருக்கும் தெரியாது. மறுபடி அதே வாக்கியம். இப்போது பாட்டி போனைக் காதிலிருந்து எடுத்தார். திரையில் எண்கள் இல்லை. எண் பலகையைத் திறக்கும் பட்டன் எது என்று பேத்தியைப் பார்த்தார். அதற்குள் அடுத்த அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. போன் கையில் இருந்ததால் அது அவர் காதில் விழவே இல்லை.

ஓர் அறிவிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது அந்தக் கணத்தில் அந்த மாணவருக்குப் புரிந்தது. பட்டன்கள் உள்ள பழைய போனில் விரல் எண்களின் மேலேயே இருக்கும். தொடுதிரையில் காதிலிருந்து எடுத்து, திறந்து, தேடி, அழுத்தி, மறுபடி காதில் வைக்க வேண்டும். இன்னொன்றும் தெரிந்தது. “ஒன்றை அழுத்தினால் கட்டணம் செலுத்தலாம், இரண்டை அழுத்தினால் புகார் தரலாம்” என்று அவர் எழுதிய வாக்கியங்களில் எண் முதலில் வந்து, காரியம் பிறகு வந்தது. கட்டணம் என்ற சொல் காதில் விழும்போது எண் மறந்துபோயிருக்கும். “கட்டணம் செலுத்த, ஒன்று” என்று மாற்றியதும் பாட்டி தயங்காமல் அழுத்தினார். தாளில் பேனாவால் செய்த திருத்தம். சில நொடி வேலை. அதையே நிரல் எழுதி, குரல் பதிவு செய்து முடித்த பிறகு கண்டுபிடித்திருந்தால் திருத்த மனம் வந்திருக்காது. சோதனை முடிந்ததும் பக்கத்து அறைக்காரரைப் பாட்டிக்கு அறிமுகம் செய்துவைத்தோம். அதையும் விட்டுவிடக்கூடாது. மறைந்திருந்து நடித்ததைச் சோதனைக்கு வந்தவரிடம் சொல்லிவிடுவது இந்த முறையின் ஒழுக்கம்.

குரல் சேவை என்றதும் கௌல்ட் பிறகு வேறு சகாக்களோடு செய்த வேலைக்கு வர வேண்டியிருக்கிறது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். விளையாட்டு வீரர்களுக்கு வீட்டிலிருந்து வரும் செய்திகளைக் குரலாகவே பதிந்து வைத்துக் கொடுக்கும் ஒரு சேவை. ஒலிம்பிக் கிராமங்களில் 25 சாவடிகள், 12 மொழிகள். வீரர் தன் நாட்டின் மூன்றெழுத்துக் குறி, குடும்பப் பெயர், கடவுச்சொல் மூன்றையும் தொலைபேசிப் பட்டன்களிலேயே அழுத்தி உள்ளே போக வேண்டும். ஊரில் இருக்கும் அப்பா அம்மா தொலைபேசியில் கூப்பிட்டுச் செய்தி சொல்லலாம். குரல் அஞ்சல் என்றால் என்னவென்றே பெரும்பாலோர் அறியாத காலம். விளையாட்டு முடிந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடவும் முடியாது. அந்தச் சில வாரங்கள்தான் அதன் ஆயுள்.

இவ்வளவு பெரிய காரியத்துக்கு அவர்கள் செய்த முதல் முன்மாதிரி, அச்சடித்த ஒரு சில பக்கங்கள். ஒரு வீரர் சாவடிக்கு வருகிறார், இதை அழுத்துகிறார், இயந்திரம் இப்படிச் சொல்கிறது, அவர் அப்படிப் பதில் சொல்கிறார் என்று நாடக வசனம் மாதிரி எழுதிய உரையாடல்கள். அதைப் பலரிடமும் படிக்கக் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். அடுத்தது பயனர் கையேடு. நாம் எல்லாம் முடிந்த பிறகு எழுதும் கையேட்டை அவர்கள் தொடக்கத்திலேயே எழுதி, 200 முறைக்கு மேல் திருத்தினார்கள். கையேட்டில் ஒரு பத்தி விளக்கம் தேவைப்படுகிறது என்றால் சேவையின் அந்த இடத்தில் ஏதோ கோணல் இருக்கிறது என்று பொருள். இதை நான் என் மாணவர்களிடம் சலிக்காமல் சொல்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: அடுத்த செயலியைத் தொடங்கும்போது உதவிப் பக்கத்தை முதலில் எழுதிப் பாருங்கள்.

பிறகு நடைவழிச் சோதனை. சாவடியின் வெறும் கூடு ஒன்றைச் செய்து ஆட்கள் நடமாடும் இடத்தில் நிறுத்திவிட்டார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் உயரம் சரியில்லை, இதை இங்கே வைத்திருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கணினி படிக்கும் மாணவர்களைக் கூப்பிட்டு, எப்படியாவது இதை உடைத்துக் காட்டுங்கள் என்று சவால் விட்டார்கள். ஒரு முன்னாள் ஒலிம்பிக் வீரரையே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு, ஒலிம்பிக்குக்கு முன்னோட்டமாக நடந்த சர்வதேசப் போட்டி ஒன்றில் பல நாட்டு வீரர்களிடம் கொடுத்தபோது, அதுவரை யார் கண்ணிலும் படாத சிக்கல்கள் வெளிவந்தன. திருத்தினார்கள். ஒலிம்பிக் நடந்தபோது சேவை 40,000 தடவைக்கு மேல் பயன்பட்டது.

கவனியுங்கள், இந்த மாதிரிகளில் எதுவுமே முழு மாதிரி இல்லை. உரையாடல் பக்கத்துக்கு உருவம் கிடையாது. சாவடிக் கூட்டுக்குள் இயந்திரம் கிடையாது. ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு போனது. அந்தக் கேள்விக்கு மட்டும் அது முழு உண்மையாக இருந்தது. பால்ம் நிறுவனத்தின் ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப் பையில் ஒரு மரத்துண்டைப் போட்டுக்கொண்டு திரிந்த கதை வடிவமைப்பாளர்களிடையே பிரபலம். யாராவது சந்திப்புக்கு நேரம் கேட்டால் மரத்துண்டை எடுத்து, குச்சியால் தட்டிப் பார்ப்பார். 1996-இல் வந்த பைலட் என்ற கையடக்கக் கணினியின் அளவு அங்கிருந்து பிறந்தது. அந்த மரத்துண்டில் மென்பொருள் இல்லை, ஆனால் பையில் வைத்தால் உறுத்துமா என்ற கேள்விக்கு அதைவிட நேர்மையான பதில் கிடையாது.

ஆப்பிளில் இருந்த ஸ்டெஃபனி ஹவுடும் சார்லஸ் ஹில்லும் 1997-இல் இதை ஒரு கட்டுரையாகவே எழுதினார்கள். ஒரு பொருள் ஒருவரின் வாழ்க்கையில் என்ன வேலை செய்யப்போகிறது, கண்ணுக்கும் கைக்கும் எப்படி இருக்கும், உள்ளே எப்படி இயங்கும் ஆகிய மூன்றில் எதைக் கேட்க இந்த மாதிரியைச் செய்கிறாய் என்று அவர்கள் கேட்டார்கள். மூன்றையும் ஒரே மாதிரியில் கேட்கப் போனால் மூன்றுக்கும் அரைகுறைப் பதில்தான் வரும்.

இன்றைக்கு இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஃபிக்மாவில் மாறிகள், நிபந்தனைகள் எல்லாம் வைத்து அசல் செயலி போலவே ஓடும் மாதிரியைச் செய்யலாம். வாக்கியத்தில் சொன்னால் திரைகளை உருவாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. இவற்றைக் கற்பது அவசியம். இந்தத் தொடரில் அவை வரும். ஆனால் மெருகேறிய மாதிரியைக் காட்டினால் எதிரே இருப்பவர் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றித்தான் பேசுவார். முடிந்த வேலையைக் குறை சொல்ல யாருக்கும் தயக்கம் இருக்கும். கட்டணம் எங்கே கட்டுவது என்று புரியாமல் விழித்ததை வெளியே சொல்லமாட்டார். உயர்நிலைக்குப் போக விரும்புகிற மாணவர் கருவியைத் திறப்பதற்கு முன்னால், இந்த மாதிரியில் எதைப் போலியாக விடப்போகிறேன், எதை மட்டும் அசலாக வைக்கப்போகிறேன் என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். என் வகுப்பில் அந்த வரி இல்லாத கோப்பைப் பார்ப்பதில்லை.

இந்த வாரப் பயிற்சிக்குச் செலவு கிடையாது. சமையல் எரிவாயு பதிவு, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, பேருந்து டிக்கெட் ரத்து, எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். உரையாடலைத் தாளில் எழுதி, பக்கத்து அறையிலிருந்து போனில் நீங்களே இயந்திரமாகப் பேசுங்கள். தாளில் இல்லாத கேள்வி வந்தால் ‘மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்’ என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லக்கூடாது. அந்தக் கேள்வியை அப்படியே, அவர் சொன்ன சொற்களிலேயே, குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவரையும் பள்ளிப் பிள்ளை ஒருவரையும் தனித்தனியாக அழைக்கச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வரியில் இருவரும் தயங்கினார்கள் என்பது தெரியும். அந்த வரியை மட்டும் மாற்றி மறுபடி செய்யுங்கள்.

சொன்னபடி அசைவுகளைப் பற்றி அடுத்த வாரம். ஒரே பட்டியல் 100 மில்லி விநாடியில் திறப்பதற்கும் 400-இல் திறப்பதற்கும் கை உணரும் வித்தியாசம் என்ன, தமிழ் எழுத்துகள் நகரும்போது மேற்கொம்பும் கீழ்வளைவும் ஏன் வெட்டுப்படுகின்றன என்பதிலிருந்து தொடங்கலாம்.

(தொடரும்)