ஊஞ்சல் பலகையில் பிறந்த பேனா

பேனா கடைகிறேன் என்று சொன்னால், "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்கிறார்கள் நம் அன்பர்கள். வாங்குவதில்லை ஐயா, லேத்தில் கடைவது என்று விளக்க வேண்டியிருக்கிறது. தயிர் கடைவதற்கும் மரம் கடைவதற்கும் தமிழில் ஒரே சொல்தான். ஒருவர் கயிற்றை மாற்றி மாற்றி இழுக்க, இன்னொருவர் உளியைப் பிடித்துச் சொப்பும் பம்பரமும் செய்த பழைய கடைசல் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொருத்தம் உடனே விளங்கும். இங்கே தில்லியில் இதை 'கராத்' என்கிறார்கள். கயிற்றுக் கட்டிலுக்குக் கால் கடைபவர் கராத்காரர்.

இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது ஓர் ஊஞ்சல் பலகையால். 2019-இல் மன்னார்குடிப் பக்கம் எங்கள் பூர்வீக வீட்டை விற்றோம். கூடத்து ஊஞ்சல் தேக்குப் பலகையில் நீளவாக்கில் பிளவு விழுந்திருந்தது. வாங்கியவருக்கு அது வேண்டாம். எங்கள் ஐந்து பேரில் யார் வீட்டிலும் ஊஞ்சல் மாட்ட இடம் கிடையாது. நல்ல பகுதியாகப் பார்த்து ஓரடித் துண்டை அறுத்து, தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் பெர்த்துக்கு அடியில் போட்டுக்கொண்டு வந்தேன். "அப்பா உட்கார்ந்த பலகைடா, பரண்மேல போட்டு மறந்துடாதே" என்று அக்கா போனில் சொன்னாள். ஆளுக்கு ஒரு பேனா என்று அப்போதுதான் தோன்றியது. சங்கிலிக் கம்பி போன துளையும் பிளவும் போக, நாலரை அங்குலத்தில் எட்டுத் துண்டுகள் தேறின. வேண்டியது ஐந்து, மூன்று தவறுகளுக்கு இடம் உண்டு.

சிறிய மர லேத் ஒன்று என்னிடம் ஏற்கெனவே இருந்தது. அதில் பேனா கடைய 'மாண்ட்ரல்' என்ற ஓர் உறுப்பு வேண்டும். மெல்லிய எஃகுக் கம்பிதான் அது. உள்ளே பித்தளைக் குழாய் ஒட்டிய மரத்தை அதில் கோத்து, இரு பக்கமும் 'புஷ்' என்னும் வளையங்களை வைத்து மரையால் இறுக்க வேண்டும். புஷ்ஷின் வெளிவிட்டம் பேனாவின் முன்முனை, பின்மூடி இவற்றின் விட்டமே. மரத்தைச் சீவிக்கொண்டே போய், உளி புஷ்ஷைத் தொடும்போது நிறுத்தினால், உலோகமும் மரமும் விரலுக்குத் தட்டாமல் சேரும்.

இதைத் தேடி ஜி.பி. ரோடுக்குப் புறப்பட்டேன். அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டில் ஒரு பார்வை பார்த்தார்கள்! இப்போது அதற்கு சுவாமி சிரத்தானந்த் மார்க் என்று பெயர்; கீழ்த்தளம் முழுக்க இயந்திரச் சாமான், கருவிக் கடைகள். ரிவால்விங் சென்டர் கிடைத்தது, ட்ரில் சக் கிடைத்தது. பேனா மாண்ட்ரல் என்றதும் விழித்தார்கள். ஒரு கடைக்காரர் தம் சட்டைப் பையிலிருந்த பால்பாயின்ட் பேனாவையே எடுத்து நீட்டினார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம்தான். ஆனால் அனுப்பும் செலவும் சுங்கவரியும் சேர்த்துப் பார்த்தபோது, பொன்மலைப் பட்டறையில் அரம் பிடித்துப் பழகிய கைக்கு அது அவமானமாகப் பட்டது.

பழைய சாமான் கடையில் முனை ஒடிந்த டேப்பர் ஷாங்க் ட்ரில் ஒன்றை எடை போட்டு வாங்கினேன். அதன் அடிப்பாகம் மோர்ஸ் டேப்பர் இரண்டாம் எண். பெரிய முனை 17.8 மில்லிமீட்டர், ஏறக்குறைய 20-க்கு 1 என்ற சரிவு. என் லேத்தின் துளையும் அதே. 1863-இல் ட்விஸ்ட் ட்ரில்லுக்குக் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் மோர்ஸின் பெயர் கொண்ட அந்தச் சரிவு இன்றும் உலகமெங்கும் மாறாமல் இருப்பதால்தான் இந்தக் குறுக்கு வழி நடக்கிறது. பெரிய ட்ரில்களில் வெட்டும் பகுதி கடினமானது என்றாலும், அடிப்பாகம் பெரும்பாலும் வேறு எஃகை ஒட்டவைத்தது. துளை போட இடம் கொடுக்கும். அதில் கால் அங்குலத்துக்கு மயிரிழை குறைவான சில்வர் ஸ்டீல் கம்பியைச் செருகி, மறுமுனையில் ஆறு மில்லிமீட்டர் மரை வெட்டினேன். (சில்வர் ஸ்டீலில் வெள்ளி ஒரு குந்துமணியும் கிடையாது, பளபளப்புக்காக வந்த பெயர்.)

பித்தளைக் குழாய்தான் அலைக்கழித்தது. சாவ்ரி பஜாரில் கிடைத்ததெல்லாம் தடித்த குழாய். கடைசியில் கைகொடுத்தது செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட். டிரான்சிஸ்டர் ரேடியோ ஏரியலின் அடிக்குழாய் ஏழு மில்லிமீட்டர் பித்தளைதான், மேலே குரோம் முலாம். உப்புத்தாளால் முலாமைச் சொரசொரப்பாக்கினால்தான் அரால்டைட் பிடிக்கும்.

ரீஃபில் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. எந்த ஊர்ப் பேப்பர் கடையிலும் கிடைக்கிற பார்க்கர் வகை ரீஃபிலை முதலில் வாங்கி, அதை அளந்து, அதன் பிறகே பேனாவைத் திட்டமிட்டேன். நீளம் 98 மில்லிமீட்டர். அந்தக் குழாய்க்குள் கச்சிதமாகப் போகும். முன்முனையும் திருகு மூடியும் பித்தளைத் தண்டில் நானே கடைந்தவை. ரீஃபில் கிடைக்காத அழகுப் பேனா பீரோவுக்குள் போய்விடும்.

இனி தவறுகள். சாதாரண ஏழு மில்லிமீட்டர் ட்ரில்லின் சுருள் பள்ளம் 69 மில்லிமீட்டர்தான். எனக்கு வேண்டிய துளை நூறு. சரி, இரு பக்கமிருந்தும் போடுவோம் என்று போட்டேன். நடுவில் இரண்டு துளைகளும் சந்திக்கவில்லை. முதல் துண்டு போயிற்று. 'லாங் சீரீஸ்' ட்ரில் என்று கேட்டு வாங்கியிருந்தால் பள்ளம் 102 இருந்திருக்கும், ஜி.பி. ரோடிலேயே இருந்தது. அடிக்கடி வெளியே இழுத்துத் தூளை உதற வேண்டும், இல்லாவிட்டால் தேக்கு சூடேறிக் கருகும்.

இரண்டாவது துண்டு கடைந்து முடிந்தபின் ஒரு பக்கம் தடிப்பாகவும் எதிர்ப்பக்கம் மெலிதாகவும் நின்றது. மாண்ட்ரல் செய்தது கோணல் என்று என்னையே நொந்துகொண்டு டயல் கேஜை வைத்துப் பார்த்தேன். கம்பி நேராகத்தான் இருந்தது. ரிவால்விங் சென்டரை நான் முறுக்கிய முறுக்கில்தான் அது வில்லாக வளைந்திருந்தது. ரயில் சக்கரத்தோடு பழகியவனுக்கு இறுக்கம் என்றால் நம்பிக்கை. பேனாவுக்கு விரல் நுனி அழுத்தமே போதும். அப்புறம் ஒரு வாரம் தேக்கைத் தொடவில்லை, கீர்த்தி நகர் மரக்கடையின் சீஷம் கழிவுகளில் பழகினேன்.

நம் நாட்டில் பேனா கடைவது புதிதல்ல. அன்றைய சென்னை மாகாணத்து ராஜமுந்திரியில் ரத்னம் செய்த பேனாவை, தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா மூலம் பெற்றுக்கொண்ட காந்திஜி 1935-இல் நன்றிக் கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் கையால் கடைகிறார்கள். அவையெல்லாம் பெரும்பாலும் எபொனைட், கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அதற்கு ரேகை கிடையாது, பிளக்காது. மரத்துக்கோ தில்லியின் மே மாத லூக்காற்றில் ஓர் அளவு, ஆகஸ்ட் புழுக்கத்தில் ஓர் அளவு. அதனால்தான் பித்தளைக் குழாயை உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது.

மெருகுக்குத் திலக் பஜாரில் அரக்கு வாங்கி ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினேன். சன்னபட்டணத்தில் சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே உருக்கி, தாழை மடலால் தேய்ப்பார்கள். என் அரக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் 2020-இல் பெங்களூர்த் தம்பி கையில் சானிடைசரைத் தடவிக்கொண்டு பேனாவை எடுக்க, மெருகு பிசுபிசுத்துப் போயிற்று. அரக்கைக் கரைத்ததே ஸ்பிரிட், சானிடைசரும் அதுதானே! எல்லாவற்றையும் திரும்ப வாங்கிச் சுரண்டி, ஆளிவிதை எண்ணெய் தேய்த்தேன். காய ஒரு வாரம் ஆயிற்று. பளபளப்பு குறைவு, ஆனால் பலகையின் பழைய நிறம் வந்துவிட்டது.

மாண்ட்ரல் செய்து பார்க்க ஆசைப்படும் அன்பர்கள் என் ஒடிந்த ட்ரில்லை வந்து பார்க்கலாம். மேல்துண்டை வீட்டில் வைத்துவிட்டுக் கண்ணாடியோடு வாருங்கள்.

அக்கா தன் பேனாவில் பால் கணக்கு எழுதுகிறாள். போன மாதம் ரீஃபில் தீர்ந்து, கடைத்தெருவிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டாளாம். எட்டில் ஒரு துண்டு இன்னும் கடையாமல் இருக்கிறது. பேரனுக்கு ஒன்பது வயது. லேத் மேசை இப்போது அவன் மார்பளவு.