வற்றிய வாய்க்காலில் மீன்கள்

பாலக்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வாழும் மாணவர் பலர், பள்ளிக்கு வரும் வழியில் ஒரு வாய்க்காலையேனும் கடந்து வருவர். அதனை அங்குள்ளோர் ‘கனால்’ என்பர். கார்த்திகையில் அது கரை தளும்ப ஓடும். பங்குனியிலோ அடித்தரை வெடித்து, ஆடுகள் நடக்கும் தடமாகிவிடும். ஆனி மழை பெய்து நீர் வந்த சில நாள்களில் அதே இடத்தில் விரால் துள்ளுகிறது. இடைப்பட்ட மாதங்களில் அம்மீன் எங்கே இருந்தது?

முதலில் வாய்க்கால் வற்றும் காரணத்தை அறிவோம். மலம்புழை அணை 1955-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அன்று மலபார், சென்னை மாநிலத்தின் ஒரு பகுதி. அணையின் இடக்கரை, வலக்கரை வாய்க்கால்கள் நெல்வயல்களுக்கு நீர் தருகின்றன. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வயல்களுக்குத் தமிழ்நாட்டின் ஆழியாற்று நீர் வருகிறது. இரண்டாம் போகம் விளைந்ததும், பெரும்பாலும் மாசி மாதத்தையொட்டி, மதகுகளை அடைத்துவிடுவர். ஓடிய நீர் வயலுக்குப் போய்விடும். மடைகளின் கீழும் பாலங்களின் அடியிலும் உள்ள பள்ளங்களில் மட்டும் சிறிது தேங்கும்.

அத்தேக்கத்தில் மீனுக்கு நேரும் முதல் இடர் வெப்பம் அன்று, மூச்சுத் திணறலே. நீர் சூடாக ஆக, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 பாகை வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்; 30 பாகையில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறையும். அழுகும் இலைதழை அதிலும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே செவுளை மட்டும் நம்பி வாழும் கெண்டைக் குஞ்சுகள் முதலில் மடிகின்றன. எஞ்சியவற்றைக் கொக்கும் குருகும் கொத்திச் செல்கின்றன. (குறுந்தொகையில் கபிலர் பாட்டொன்றில், ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நிற்கும் குருகு ஒன்று வருகிறது. நம் வாய்க்கால் பள்ளத்தருகே அதன் வழிவந்த பறவைகளை இன்றும் காணலாம்.)

விராலின் நிலை வேறு. அதன் செவுள்களுக்கு மேலே காற்றை அடைத்துக்கொள்ளும் அறை ஒன்று உண்டு. நீர்மட்டத்திற்கு வந்து வாயால் காற்றை விழுங்கி, அவ்வறையின் சுவர்வழியே குருதிக்கு ஆக்சிஜனை அது பெறுகிறது. மேலே வரவிடாமல் தடுத்தால், நீர் நிறைந்த தொட்டியிலும் விரால் மூச்சுமுட்டி இறந்துவிடும்! பள்ளமும் வற்றத் தொடங்கினால் அது சேற்றுக்குள் புதைகிறது. மேற்பரப்பு காய்ந்து வெடித்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். தோலும் காற்றறையும் ஈரமாக இருக்கும்வரை, அசைவைக் குறைத்து, உடலில் சேர்த்த கொழுப்பைக் கரைத்து அது உயிர் தாங்கும். மழைக்காலத்தில் வெளிவரும்போது மெலிந்திருப்பது இதனால்தான்.

விரால் என்று நம் வீட்டார் சொல்லும் மீனை மலையாளிகள் வரால் என்பர். அச்சொல்லைக் கேட்டுப் பிழையெனச் சிரிக்க வேண்டா. சங்கப் பாடல்களில் உள்ள வடிவமும் வரால்தான்.

தேளி என்னும் மீன் இன்னும் வியப்பானது. செவுளறையிலிருந்து வால் நோக்கி நீளும் இரண்டு காற்றுக்குழல்கள் அதற்கு உண்டு. மீன்கள் பெரும்பாலும் கழிவை அம்மோனியாவாகச் செவுள்வழி நீரில் விட்டுவிடும். சேற்றில் நீர் ஏது? அம்மோனியா உடலில் தேங்கினால் நஞ்சாகும். தேளி அதனை நஞ்சு குறைந்த யூரியாவாக மாற்றிக்கொள்கிறது. பெயருக்கேற்ப அதன் முள் கொட்டும்; வெறுங்கையால் சேற்றைத் துழாவுதல் ஆகாது.

பனையேறிக் கெண்டை சேற்றிலும் கிடக்கும், இடமும் பெயரும். முள் நிறைந்த செவுள்மூடியைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி, ஈரமான இரவில் வரப்பைக் கடந்து அடுத்த குட்டைக்குச் சென்றுவிடும். 1791-இல், டேனிசுக்காரர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்னும் அதிகாரி இம்மீனைப் பனைமரப் பட்டையின் பிளவில் கண்டதாக எழுதினார். பறவைதான் மரத்தில் விட்டிருக்கும் எனப் பின்வந்த அறிஞர் சிலர் கருதினர். மரம் ஏறுகிறதோ இல்லையோ, தரையில் நடப்பது உறுதி.

இலங்கையில் வற்றிய குளங்களின் சேற்றைத் தோண்டி மக்கள் உயிருள்ள மீனை எடுப்பதை எமர்சன் டெனன்ட் 1859-இல் வெளிவந்த தம் நூலில் விவரித்துள்ளார். குளிர்நாடுகளில் சிக்கல் நேர்மாறானது. அமெரிக்காவின் ஈரி கால்வாயின் மேற்குப் பகுதியைக் குளிர்காலத்தில் வடித்துவிடுகின்றனர். எஞ்சிய பள்ளங்களில் மேலே பனிக்கட்டி மூடும். 4 பாகை நீரே மிக அடர்த்தியானது ஆதலால் அது அடியில் தங்கும். மீன்கள் அங்கே அசையாது கிடக்கும். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் மிகுதி என்பது அவற்றுக்குத் துணை. மூணாற்று மாணவர்கள் இதனை எளிதில் உணர்வர். வெளிநாட்டிலிருந்து கொணர்ந்த ட்ரௌட் மீன் இராஜமலை ஓடைகளில் வாழ்கிறது; பாலக்காட்டு வெயிலில் அது பிழைக்காது.

இப்போது வாய்க்காலின் அடியிலும் கரையிலும் கான்கிரீட் பூசுகின்றனர். நீர் கசியாமல் கடைமடை வரை சேர்வது உழவர்க்குப் பெரிய நன்மை. அதனை மறுக்க இயலாது. ஆனால் கான்கிரீட்டில் விரால் புதைய முடியாது. அதற்கு எஞ்சியவை பாலத்தடிப் பள்ளங்களும் அருகிலுள்ள வயற்குட்டைகளுமே. கோடையில் அப்பள்ளங்களையும் மோட்டார் வைத்து இறைத்து, இருக்கும் மீன் அனைத்தையும் வாரிச் செல்வோர் உண்டு. அவ்வாறு செய்த பள்ளத்தில் அடுத்த மழைக்கு முட்டையிடத் தாய்மீன் மிஞ்சுவதில்லை. அணையிலிருந்து நீரோடு வரும் குஞ்சுகள் சில இடத்தை நிரப்பலாம். சேற்றில் கிடந்து பழகிய மீன்களுக்கு அவை ஈடாகா.

முதல் மழையில் முட்டை நிறைந்த மீன்கள் வாய்க்காலிலிருந்து வயல்நீரை நோக்கி எதிரேறி வருவதை மலையாளத்தில் ‘ஊத்த’ என்பர். அந்த இரவுகளில் வலையும் கூடையும் எடுத்துக்கொண்டு ஊரே திரள்வது பழைய வழக்கம். கேரளத்தின் 2010-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின்படி அவ்வாறு பிடிப்பது இன்று குற்றம்.