383 எழுத்து விடுபட்ட நெல்

பட்டுக்கும் கோயிலுக்கும் பேர்போன காஞ்சிபுரத்தை விட்டு உத்திரமேரூர்ப் பக்கம் போனால், ஏரியும் கழனியுமாகவே வரும். இன்று அங்கே பெரும்பாலும் இடுப்பளவு நெல்தான். காட்டுயானம் மாதிரியான பழைய ரகமோ ஆளையே மறைக்கும். இரண்டும் நெல்தானே, உயரத்தில் ஏன் இத்தனை வித்தியாசம்?

விடை ஒரு நோயிலிருந்து கிடைக்கத் தொடங்கியது. ஜப்பானிய விவசாயிகள் அதை 'முட்டாள் நாற்று' என்றார்கள். நாற்று வெளிறி, மளமளவென்று நீண்டு, துவண்டு சாகும். 1926-ல் குரோசாவா என்ற ஆய்வாளர் அந்த நோயைத் தரும் பூஞ்சையைத் திரவத்தில் வளர்த்தார். பூஞ்சையை வடிகட்டிவிட்டு, தெளிந்த நீரை மட்டும் நாற்றுக்குக் கொடுத்தார். அப்போதும் நாற்று நீண்டது! நீட்டியது பூஞ்சை சுரந்த பொருள். பின்னாளில் அதற்கு ஜிப்பரெலின் என்று பெயர் வந்தது. நோயில்லாத பயிரும் அதே ஹார்மோனைத் தனக்குள் அளவோடு சுரந்துகொள்கிறது என்பது அதற்குப் பிறகு தெரிந்த சங்கதி. செல்லுக்குள் வளர்ச்சியை மறித்து நிற்கும் புரதம் ஒன்று உண்டு. ஜிப்பரெலின் வந்தால் அது சிதைந்துபோகும். கணுக்களுக்கு இடையே தண்டு நீளும்.

நெட்டை நெல்லுக்கு யூரியாவைக் கூட்டினால் கதிர் கனத்துப் பயிர் சாய்ந்துவிடும். 1966-ல் பிலிப்பைன்ஸில் வெளியான ஐ.ஆர்.8 என்ற குட்டை நெல் சாயவில்லை. அதன் தைவான் மூதாதையிடம் ஜிப்பரெலின் தயாரிக்கும் மரபணு ஒன்றில் 383 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டிருந்தன. 36 ஆண்டுகள் அறுவடை செய்த பிறகு, 2002-ல்தான் இது தெரியவந்தது. ஹார்மோன் குறைந்தால் மணியும் பொய்த்திருக்க வேண்டுமே? நெல்லின் பூவுக்கு ஜிப்பரெலின் தர வேறொரு மரபணு இருக்கிறது. அதனால் தண்டு மட்டும் குட்டையானது, மணி தப்பித்தது. எனக்கு நெல்லின்மேல் மதிப்பு கூடியது இதைப் படித்த அன்றுதான். வைக்கோல் குறைந்தது மாடு வைத்திருப்பவர்களுக்கு நஷ்டம்தான், அதையும் சொல்ல வேண்டும்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துத் திரூர்க்குப்பத்தின் டி.கே.எம்.6 ரகமும் இந்தக் குட்டை வம்சத்தோடு சம்பந்தம் செய்துகொண்டது. அந்த வழியில் வந்ததுதான் நம் ஊர் உலைகளில் பல காலம் கொதித்த ஐ.ஆர்.20.

ஐ.ஆர்.8-ஐக் குட்டையாக்கிய அதே மரபணு வங்கதேசத்து ஆழநீர் நெல்லில் நேர்மாறாக வேலை செய்வதை 2018-ல் கண்டார்கள். வெள்ளம் ஏறும்போது பயிருக்குள் எத்திலீன் வாயு தேங்கி அந்த மரபணுவை முடுக்கிவிடுகிறது. ஜிப்பரெலின் பெருகுகிறது. தண்டு ஒரே நாளில் 20 செ.மீ.கூட நீளும், இலை நுனி தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விடும்.