இசைத்தட்டு உறையில் விடுபட்ட பெயர்
புது தில்லி: கேரளத்தின் பாலக்காடு மாவட்டம், எலப்புள்ளியில் 1928-ஆம் ஆண்டு பிறந்தவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ். விஸ்வநாதன். ராமமூர்த்தியுடன் இணைந்தும், பின்னர் தனித்தும் 1960-களில் அவர் இசையமைத்த திரைப்பாடல்கள் இசைத்தட்டுகளாக வெளிவந்தன. அவற்றின் உறைகளில் இசையமைப்பாளர் பெயர் உண்டு. உறையை வடிவமைத்த ஓவியரின் பெயர் பெரும்பாலும் இல்லை.

சட்டமும் அதைக் கேட்கவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில் 1984-இல் சேர்க்கப்பட்ட 52-ஏ பிரிவின்படி, ஒலிப்பதிவின் தயாரிப்பாளர், உரிமையாளர் ஆகியோரின் பெயர், முகவரியும், வெளியான ஆண்டும் உறையில் இடம்பெற வேண்டும். ஓவியர் அப்பட்டியலில் இல்லை. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர், இசையமைப்பாளரின் உரிமத் தொகைப் பங்கைப் பாதுகாத்தது. உறை ஓவியருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.

இழப்பு கெளரவத்தோடு முடிவதில்லை. ஓவியர் யாரெனத் தெரிந்தால், அவரது மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். தெரியாவிட்டால், வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள்தான். 1964-இல் பெயரின்றி வெளியான ஓவியத்துக்கு அக்காலம் 2024-உடன் முடிந்துவிட்டது. ஊதியப் பணியாளராக வரைந்திருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் உரிமை நிறுவனத்துக்கே.

படைப்பு தன்னுடையது என உரிமை கோர 57-ஆவது பிரிவு வழிவகுக்கிறது. பெயரே அச்சாகாதவர் எதைக் காட்டிக் கோருவார் என்பதே கேள்வி.