திரைத் தாமத அளவி

திரைத் தாமத அளவி என்பது, காணொளிக் குறிகை ஒன்று தொலைக்காட்சிக்கோ கணினித் திரைக்கோ அனுப்பப்பட்ட கணத்திலிருந்து அது ஒளியாகத் தெரியும் வரை கழியும் நேரத்தை அளக்கும் சிறு மின்னணுக் கருவி ஆகும். இந்த நேரம் உள்ளீட்டுத் தாமதம் எனப்படுகிறது. இது மில்லிநொடியில், அதாவது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில், குறிக்கப்படும். ஒளியுணரி, நுண்கட்டுப்படுத்தி, ஒற்றைப் பலகைக் கணினி ஆகியவற்றைக் கொண்டு இக்கருவியை வீட்டிலேயே செய்யலாம். அவ்வாறு செய்தவர்களில் சிலர் அதைச் சிறிய அளவில் விற்பனையும் செய்கின்றனர்.

தாமதம் ஏற்படும் காரணம்

பழைய எதிர்மின் கதிர்க் குழாய்த் திரைகளில் வந்த குறிகை அப்படியே எலக்ட்ரான் கற்றையை இயக்கியது. இடையில் நினைவகம் எதுவும் இல்லாததால் தாமதம் ஏறத்தாழச் சுழியமாக இருந்தது. இன்றைய தட்டைத் திரைகள் படத்தை முதலில் நினைவகத்தில் சேமித்து, அளவை மாற்றி, இரைச்சலை நீக்கி, அசைவைச் சீராக்கி, பின்னரே காட்டுகின்றன. இந்த ஒவ்வொரு வேலைக்கும் நேரம் செலவாகிறது. திரைப்படம் பார்ப்பவருக்கு இதனால் குறையில்லை. ஒலியையும் அதே அளவு தாமதித்தால் போதும். விளையாடுபவரின் நிலை வேறு. அவர் பொத்தானை அழுத்திய விளைவு திரையில் பிந்தித் தெரிகிறது. எல்லாச் செயலாக்கங்களும் இயங்கும் நிலையில் சில தொலைக்காட்சிகளின் தாமதம் 100 மில்லிநொடியைத் தாண்டும். விளையாட்டு முறைக்கு மாற்றினால் அதே தொலைக்காட்சி 20 மில்லிநொடிக்குக் கீழே இறங்கக்கூடும். 2017 நவம்பரில் வெளியான எச்.டி.எம்.ஐ. 2.1 தரத்தில், விளையாட்டுக் கருவி இணைக்கப்பட்டதும் திரை தானாகவே குறைந்த தாமத நிலைக்கு மாறும் வசதி சேர்க்கப்பட்டது.

மறுவினை நேரத்துடன் குழப்பம்

திரைகளின் பெட்டிமேல் "1 மில்லிநொடி" என அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் உள்ளீட்டுத் தாமதம் அன்று. அது மறுவினை நேரம், அதாவது ஒரு படப்புள்ளி ஒரு சாம்பல் நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற எடுக்கும் நேரம். மறுவினை நேரம் மிகுந்தால் அசையும் பொருளின் பின்னால் நிழல் வால் தெரியும். உள்ளீட்டுத் தாமதம் மிகுந்தால் படம் தெளிவாகவே இருக்கும், ஆனால் பிந்தி வரும். 1 மில்லிநொடி மறுவினை நேரம் கொண்ட திரை 40 மில்லிநொடி தாமதிப்பதும் இயலும். வாங்குபவர் கடையில் பார்த்து இதைக் கண்டறிய முடியாது என்பதாலேயே தனி அளவி தேவைப்படுகிறது.

முந்தைய அளவீட்டு முறை

தொடக்கத்தில் கணினியின் வெளியீட்டை இரண்டாகப் பிரித்து, ஒன்றை எதிர்மின் கதிர்க் குழாய்த் திரைக்கும் மற்றொன்றைச் சோதிக்க வேண்டிய திரைக்கும் கொடுத்தனர். இரண்டிலும் ஓடும் நிறுத்துகடிகாரத்தை ஒரே ஒளிப்படத்தில் எடுத்து, எண்களின் வேறுபாட்டைத் தாமதமாகக் கொண்டனர். 60 ஹெர்ட்ஸ் திரையில் எண் மாறுவதே 16.67 மில்லிநொடிக்கு ஒருமுறைதான். எனவே ஒரே ஒளிப்படத்தை நம்பினால் முடிவு ஒரு படச்சட்டம் வரை பிழையாகலாம்.

கருவியின் அமைப்பு

தாமத அளவிகள் இரு வகைப்படும்.

முதல் வகை, திரையை மட்டும் அளப்பது. கருவியே காணொளிக் குறிகையை உருவாக்கி, கறுப்புத் திரையில் திடீரென வெள்ளைக் கட்டம் ஒன்றைக் காட்டும்; அதே கணத்தில் நேரம் எண்ணத் தொடங்கும். திரைமேல் வைக்கப்பட்ட ஒளியுணரி வெளிச்சத்தைக் கண்டதும் எண்ணுவதை நிறுத்தும். இங்கிலாந்தின் லியோ பாட்னர் நிறுவனத்தின் அளவி இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. எஃப்.பி.ஜி.ஏ. சில்லு கொண்டு இயங்கும் டைம் சிலூத் என்பது இதே வேலையைச் செய்யும் திறந்த வன்பொருள் திட்டம்.

இரண்டாம் வகை, சொடுக்கியை அழுத்துவதிலிருந்து ஒளி தோன்றும் வரை முழுப் பாதையையும் அளப்பது. ஆர்டுயினோ லியோனார்டோ போன்ற பலகையில் உள்ள ஏ.டி.மெகா32யு4 சில்லு, கணினிக்குத் தன்னை ஒரு சொடுக்கியாகக் காட்டிக்கொள்ள வல்லது. அது "சொடுக்கு" என்ற செய்தியை அனுப்பிவிட்டு ஒளிக்காகக் காத்திருக்கும். இதில் கிடைக்கும் எண் கணினி, விளையாட்டு, திரை மூன்றின் கூட்டுத்தொகை. திரையை மட்டும் குறை கூற இந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது.

வீட்டில் செய்யும் முறை

1. ஒளியுணரி: பி.பி.டபிள்யூ.34 போன்ற ஒளி டையோடு ஏற்றது. ஒளி டிரான்சிஸ்டர் மலிவானது, ஆனால் மெதுவாக மாறும். உணரியைச் சுற்றிக் கறுப்பு நாடா ஒட்டி அறை வெளிச்சத்தைத் தடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுங்குவதால் அவையும் அளவீட்டைக் கெடுக்கும்.

2. மின்சுற்று: டையோடின் மின்னோட்டம் மிகச் சிறியது. அதை மின்னழுத்தமாக மாற்ற ஒரு செயல்பாட்டுப் பெருக்கி வேண்டும். பெரிய மின்தடை ஒன்றை மட்டும் வைத்தும் தொடங்கலாம். டையோடின் மின்தேக்குதிறன் ஏறத்தாழ 70 பிக்கோபாரட். 1 மெகாஓம் மின்தடையுடன் சேர்ந்தால் கால மாறிலி 70 மைக்ரோநொடி. இந்தப் பணிக்கு அது போதும்.

3. குறிகை மூலம்: எச்.டி.எம்.ஐ. வெளியீடு உள்ள ராஸ்பெரி பை எளிய வழி. அதில் ஒப்புமை உள்ளீடு இல்லாததால் எம்.சி.பி.3008 போன்ற மாற்றிச் சில்லை இணைக்க வேண்டும், அல்லது ஆர்டுயினோவிடம் அந்த வேலையை விட வேண்டும். ஆர்டுயினோ உனோவில் ஓர் அளவீட்டுக்கு ஏறத்தாழ 0.1 மில்லிநொடி ஆகும்.

4. மென்பொருள்: கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறும் படச்சட்டம் உண்மையில் கம்பியில் வெளியேறத் தொடங்கும் கணத்தில் நேரம் எண்ணத் தொடங்க வேண்டும். நிரல் "வரை" என்று ஆணையிட்ட கணத்தில் தொடங்கினால், அடுத்த செங்குத்து ஒத்திசைவு வரை காத்திருக்கும் நேரமும் சேர்ந்து, திரைமேல் இல்லாத குற்றம் சுமத்தப்படும். எஃப்.பி.ஜி.ஏ. பயன்படுத்துவோருக்கு இச்சிக்கல் இல்லை. எந்தப் படப்புள்ளி எப்போது போகிறது என்பது சில்லுக்கே தெரியும்.

எண்ணின் பொருள்

திரை மேலிருந்து கீழாக வரிவரியாக வரையப்படுகிறது. 1920 × 1080 தெளிவுத்திறனும் 60 ஹெர்ட்ஸ் வீதமும் கொண்ட வழக்கமான குறிகையில், காட்டப்படாத வரிகளையும் சேர்த்து மொத்தம் 1125 வரிகள் உள்ளன. ஒரு வரிக்கு 14.8 மைக்ரோநொடி ஆகிறது. ஆகவே தாமதமே இல்லாத திரையில்கூட, மேல் விளிம்பில் 0, நடுவில் 8, கீழ் விளிம்பில் 16 மில்லிநொடி என்றே அளவி காட்டும். நடுவில் 10 மில்லிநொடி எனக் காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையின் உண்மையான செயலாக்கத் தாமதம் 2 மில்லிநொடிதான். ஒருவர் மேல் விளிம்பையும் மற்றொருவர் நடுவையும் அளந்தால், ஒரே திரைக்கு இரு வேறு முடிவுகள் வெளிவரும். அளந்த இடத்தைக் குறிப்பிடாத எண்ணை ஒப்பிட முடியாது.

பிழை மூலங்கள்

வாசல் மதிப்பு: நீர்மப் படிகத் திரையில் கறுப்பு உடனே வெள்ளையாவதில்லை, சில மில்லிநொடிகளில் படிப்படியாக ஏறுகிறது. உணரி ஒரு நிலையான மின்னழுத்தத்தைக் கண்டதும் நிறுத்தினால், மங்கலான திரை மெதுவானது போலத் தோன்றும். ஏறும் வளைவு முழுவதையும் பதிவுசெய்து, சிறும, பெரும மதிப்புகளைக் கண்டு, 10 அல்லது 50 விழுக்காட்டைக் கடக்கும் கணத்தை எடுப்பதே முறை.

பின்னொளித் துடிப்பு: ஒளிர்வைக் குறைக்கச் சில திரைகள் பின்னொளியை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. 240 ஹெர்ட்ஸில் துடிக்கும் பின்னொளி ஒரு சுழற்சிக்கு 4.17 மில்லிநொடி எடுக்கும். அணைந்திருக்கும் பகுதியில் படம் மாறினால் உணரி அதை அறியாது. முழு ஒளிர்வில் வைத்து அளப்பது பொதுவாக இதைத் தவிர்க்கும்.

இடைவெளித் தேர்வு: சொடுக்கி வகைக் கருவி சரியாக 100 மில்லிநொடிக்கு ஒருமுறை சொடுக்கினால், 60 ஹெர்ட்ஸ் திரையில் அது 6 படச்சட்டங்களுக்குச் சமம். ஒவ்வொரு முறையும் சுழற்சியின் அதே புள்ளியில் சொடுக்கு விழுந்து, முடிவு தொடர்ந்து நன்றாகவோ தொடர்ந்து மோசமாகவோ வரும். இடைவெளியை ஒழுங்கின்றி மாற்றி, நூறு முறையாவது அளந்து, சராசரியோடு சிறும, பெரும மதிப்புகளையும் தர வேண்டும்.

சரிபார்ப்பு

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் காட்டுவதால் மட்டும் கருவி சரியானது ஆகிவிடாது. தவறான எண்ணையும் அது மாறாமல் காட்டலாம். எளிய சோதனை ஒன்று உண்டு. உணரியின் முன் ஓர் ஒளியுமிழ் டையோடை வைத்து, அதே நுண்கட்டுப்படுத்தியால் 0, 5, 10, 20 மில்லிநொடி கழித்து எரியச் செய்ய வேண்டும். கருவி அதே எண்களைக் காட்டினால் உணரிப் பகுதி சரி. குறிகைப் பகுதியைச் சரிபார்க்க எதிர்மின் கதிர்க் குழாய்த் திரையே நல்ல அளவுகோல். படச்சட்டத்தைச் சேமிக்காத எளிய மாற்றி வழியாக இணைத்தால், மேல், நடு, கீழ் அளவுகள் மேற்கூறிய 0, 8, 16 என்ற வரிசையை ஒட்டி வர வேண்டும்.

விற்பனை

ஒன்று செய்து மேசைமேல் வைப்பதும் ஐம்பது செய்து அனுப்புவதும் வேறு வேறு வேலைகள். வெறும் பலகையில் கம்பி செருகிய சுற்று, அஞ்சலில் ஒருமுறை குலுங்கினாலே கழன்றுவிடும். அச்சுச் சுற்றுப் பலகை, கூடு, பயனர் கையேடு ஆகியவை வேண்டும். விலையில் பாகங்களின் செலவோடு அஞ்சல், பழுதாகித் திரும்பும் கருவிகள், ஒவ்வொன்றையும் சோதிக்கும் நேரம், வாங்கியவர்களுக்குப் பதில் எழுதும் நேரம் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். இவற்றை மறந்து விலை வைப்போர் நட்டப்படுகின்றனர்.

சட்டக் கடமைகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க மின்காந்த ஒத்திசைவு, தீங்கான பொருள்களின் கட்டுப்பாடு ஆகிய விதிகளுக்கு உட்பட்டு சி.இ. குறியிட வேண்டும். அமெரிக்காவில் எஃப்.சி.சி.யின் 15ஆம் பகுதி பொருந்தும். எச்.டி.எம்.ஐ. இணைப்பு கொண்ட பொருளைத் தாமே உற்பத்தி செய்வோர் உரிம ஒப்பந்தமும் ஆண்டுக் கட்டணமும் செலுத்த நேரும். சிறு விற்பனையாளருக்கு இது பெரிய சுமை. எனவே சிலர் ஒளியுணரித் துணைப் பலகையையும் மென்பொருளையும் மட்டும் தந்து, ராஸ்பெரி பையை வாங்குபவரே இணைத்துக்கொள்ளச் செய்கின்றனர். லித்தியம் மின்கலம் வைத்தால் வான் அஞ்சல் கட்டுப்பாடுகள் குறுக்கிடும் என்பதால் யூ.எஸ்.பி. மின்னோட்டமே வசதியானது. டின்டீ போன்ற சந்தைத் தளங்கள் இத்தகைய சிறு உற்பத்தியாளர்களுக்காகவே இயங்குகின்றன.

விற்பவருக்கு உள்ள பெரிய பொறுப்பு எண்ணைப் பற்றியது. அவருடைய கருவி காட்டும் அளவை நம்பி ஒருவர் திரையைத் திருப்பித் தரலாம், ஒரு விமர்சகர் ஒரு பொருளைத் தள்ளிவிடலாம். ஆகவே அளக்கும் இடம், வாசல் மதிப்பு, பிழை வரம்பு ஆகியவற்றைக் கையேட்டில் எழுதுவதும், மின்சுற்றையும் நிரலையும் பிறர் சரிபார்க்கத் திறந்து வைப்பதும் நல்ல வழக்கம். 2011இல் முதலில் வெளியான செர்ன் திறந்த வன்பொருள் உரிமம் போன்றவை இதற்கு உதவுகின்றன.

வரம்புகள்

கருவி எந்தக் குறிகையை அனுப்புகிறதோ அதற்கான தாமதத்தையே அளக்கும். 60 ஹெர்ட்ஸில் அளந்த எண்ணைக் கொண்டு 144 ஹெர்ட்ஸில் திரை எப்படி இயங்கும் எனக் கூற இயலாது. 1920 × 1080 குறிகையை 4கே திரைக்கு அனுப்பினால், அளவு மாற்றும் நேரமும் அதில் சேரும். முடிவை வெளியிடும்போது தெளிவுத்திறன், புதுப்பிப்பு வீதம், பட முறை ஆகிய மூன்றையும் உடன் குறிப்பிட வேண்டும்.