பழைய தேக்கு, புதிய பிளைவுட்: வீட்டுக்கு எது, எங்கே?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குச் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். புதிதாக அடுக்ககத்தில் வீடு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு. அங்கே குவிந்திருக்கும் மரம் செட்டிநாட்டு வீடுகளின் மரம். பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூணாகவும் கதவாகவும் கட்டிலாகவும் ஆக்கினார்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வாழ்வு உடைந்தது. ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமை கொண்டாட, பராமரிக்க முடியாமல் பிரிக்கப்பட்ட வீடுகளின் சாமான்கள் கடைத்தெருவுக்கு வந்தன. அவற்றில் எதை நம்பி வாங்கலாம், எந்த இடத்துக்குப் புதுச் சாமானே நல்லது என்பதுதான் வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டியது.

முதலில் பெயர்கள். நூறு வயது கடந்ததை ஆன்டிக் என்கிறார்கள். இந்தியாவின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டமும் (1972) பெரும்பாலான கைவினைப் பொருட்களுக்கு நூறு ஆண்டு என்றே கோடு கிழிக்கிறது. அப்படித் தொல்பொருளாகக் கருதப்படுவதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் மகன் வீட்டுக்குத் தாத்தாவின் மேசையை அனுப்ப நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது. ரோஸ்வுட் என்கிற ஈட்டி மரத்துக்குப் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடும் உண்டு.

விண்டேஜ் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இல்லை. முப்பது, நாற்பது ஆண்டுக்கு மேல், நூறுக்குள் என்று வியாபாரிகள் வைத்துக்கொண்ட கணக்கு அது. சண்டிகர் அரசு அலுவலகங்களுக்காக 1950-களில் பியர் ஜான்னரே குழுவினர் வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் இந்த வகை. நூறு வயது ஆகாதபோதும், உலக ஏலங்களில் அவை பெருவிலைக்குப் போவதைக் கண்டு, அத்தகைய பாரம்பரியப் பொருட்களை விற்கக்கூடாதென்று 2011-இல் மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவிட்டது.

வடிவத்தின் வயது வேறு, பொருளின் வயது வேறு. வளைத்த மரத்தில் மிக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி இன்றும் தயாராகிறது. அதைப் பழைய நாற்காலி என்று எவரேனும் சொன்னால், எந்த ஆண்டு செய்தது என்று கேட்க வேண்டும்.

கடைகளில் இன்னொரு வகையும் ஏராளம்: பழைய மரத்தில் செய்த புதுச் சாமான். கதவுப் பலகை சாப்பாட்டு மேசையாகும், ஜன்னல் சட்டம் கண்ணாடிச் சட்டமாகும், தூணின் துண்டு விளக்குத் தண்டாகும். பல்லாண்டு காய்ந்த தேக்கு எளிதில் முறுக்கிக்கொள்ளாது. அதனால் இவற்றை நான் மனமாரப் பரிந்துரைப்பேன். ஆனால் இவற்றுக்கு ஆன்டிக் விலை கொடுக்கக்கூடாது. "மரம் பழசா, சாமான் பழசா?" என்று நேராகக் கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் பிரித்துச் சொல்வார். கோயில் வாகனம், தேர்ச் சிற்பம் என்று காட்டினால் தொடாமல் வந்துவிடுங்கள். அவை எவருடைய வரவேற்பறைக்கும் உரியவை அல்ல, களவுப் பொருளாகவும் இருக்கலாம்.

உண்மையான வயதைக் கண்டுகொள்ளச் சாமானின் அழகான முகத்தைப் பார்த்துப் பயனில்லை. இழுப்பறையை வெளியே உருவிக் கவிழ்த்துப் பாருங்கள், அலமாரியின் முதுகைத் தடவிப் பாருங்கள். பழைய தச்சர்கள் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தை இழைத்து மெருகேற்றுவதில்லை. அங்கே உளியின் தடமும் இழைப்புளியின் மேடுபள்ளமும் இருக்கும். கைரம்பம் நேர்க்கோடுகளை விட்டுச்செல்லும், வட்ட ரம்பம் வில்போல வளைந்த கோடுகளை விடும். கையால் வெட்டிய இணைப்புகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஸ்டார் தலை ஸ்க்ரூ 1930-களில்தான் வந்தது. நூற்றைம்பது வயது என்று சொல்லும் மேசையில் அது தென்பட்டால், ஒன்று பிறகு பழுது பார்த்திருக்கிறார்கள், இல்லையேல் சொல்வது பொய்.

எனக்கு மிகப் பிடித்த சோதனை வட்ட மேசைக்கானது. மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்குவதேயில்லை, குறுக்கே சுருங்கும். ஆகவே அகலப் பலகைகளால் செய்த பழைய வட்ட மேசையை நாடாவால் இரு திசையிலும் அளந்தால் சிறு வித்தியாசம் தெரியும். தேய்மானத்துக்கும் ஒரு நியாயம் உண்டு. நாற்காலியின் கைப்பிடி நுனியும் முன்கால்களுக்கு இடையே உள்ள கட்டையும் தேய்ந்திருக்க வேண்டும். கை படாத மூலையும் அதே அளவு தேய்ந்திருந்தால் யாரோ உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள்.

பூச்சி விஷயத்தில் இரக்கம் காட்டக்கூடாது. கரையானையும் வண்டையும் தேக்கின் வைரம் தாங்கும், ஓரத்தில் வெளுத்திருக்கும் பால் மரம் தாங்காது. பொடித் துளைகள் தெரிந்தால் சாமானைத் தட்டுங்கள். புதிய மாவு உதிர்ந்தால் உளுப்பு உள்ளே உயிரோடு இருக்கிறது. வீட்டின் மற்ற மரத்துக்கும் பரவலாம். பழைய பெயின்ட் பூசிய சாமானில் இன்னொரு ஆபத்து. வீட்டுப் பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பெயின்டைச் சுரண்டித் தூசு கிளப்பாதீர்கள்.

புதுச் சாமானைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. சமையலறை அலமாரிக்கும் சுவரோடு பொருத்தும் துணி அலமாரிக்கும் அதுவே சரி. நம் வீடுகளில் தரையைத் தண்ணீர் விட்டுத் துடைக்கிறோம். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பார்ட்டிகிள் போர்டு அந்த ஈரத்தைக் குடித்துக் கீழ் விளிம்பில் உப்பும், உப்பியது திரும்பாது. அதனால் தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு குறைவாக உள்ளதை ஈ1, ஈ0 என்று குறிப்பார்கள். படுக்கையறைக்கு அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

எந்த இடத்துக்கு எது? நாற்காலி, மேசை, பெஞ்சு, ஊஞ்சல், பெட்டி ஆகியவற்றைப் பழையதில் வாங்கலாம். இவற்றின் கால் ஆடினால் இறுக்கலாம், பிரம்பு அறுந்தால் மறுபடி பின்னலாம். கட்டில் மட்டும் யோசிக்க வேண்டியது. பழைய கட்டில்கள் இன்றைய மெத்தை அளவுகளான 78-க்கு 60, 78-க்கு 72 அங்குலத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. மெத்தையைத் தனியாகச் செய்யச் சொல்ல வேண்டியிருக்கும். கால் நீட்டும் பலகை வைத்த ஈஸி சேர் கண்ணுக்கு அழகு, ஆனால் தாழ்வானது. முழங்கால் வலியுள்ள பெரியவர் அதிலிருந்து எழப் படும் பாட்டைப் பார்த்தால் வாங்க மனம் வராது. ஊஞ்சலுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், கொக்கி தாங்கும் இடம் கூரையில் இருக்கிறதா என்று பொறியாளரிடம் கேளுங்கள். பெரிய அலமாரி என்றால் லிஃப்டையும் வாசலையும் அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பணத்துக்கு நல்ல மதிப்பு என் கணிப்பில் நடு வயதுச் சாமான்களில்தான் இருக்கிறது. 1950 முதல் 1980 வரை உள்ளூர் ஆசாரிகள் செய்த தேக்கு மேசைகளும் நாற்காலிகளும் ஆன்டிக் விலை கேட்பதில்லை. அளவும் இன்றைய உடம்புக்கும் அறைக்கும் பொருந்துகிறது. கடைகள் அவற்றை முன்வரிசையில் வைப்பதில்லை, நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வாங்கியதும் எந்திரத்தால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். பழைய மேற்பூச்சு பெரும்பாலும் ஸ்பிரிட்டில் கரைத்த அவலரக்கு. தேர்ந்த பாலிஷ்காரர் அதன் மேலேயே புதிதாகப் பூசி ஒளி வரவழைப்பார். தேய்த்து எடுத்துவிட்டால் காலம் கொடுத்த நிறம் போய்விடும், வயதுக்கான சாட்சியும் விலையும் சேர்ந்து போகும்.

கடைத்தெருவுக்குக் கிளம்பும் முன் சொந்த ஊர் வீட்டின் பரணையும் கொல்லைப்புறத்தையும் ஒருமுறை பாருங்கள். பெரியப்பா வீட்டில் கால் உடைந்து கிடக்கும் பெஞ்சு விறகு விலைக்குப் போகக் காத்திருக்கலாம். நல்ல ஆசாரி ஒருவரை அழைத்துக் காட்டிவிட்டு, அதன் பிறகு முடிவெடுங்கள்.